மடக்க மறந்த தகடு

மேலப்பாளையத்தில் ஆட்டோவின் பின்பக்கம் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் தாஜ் முகம்மதுவிடம்தான் போக வேண்டும். போனால் ஏச்சு வாங்காமல் திரும்ப முடியாது. சந்தை ரோட்டில் ஆட்டோ ஓட்டும் எல்லோருக்கும் இந்த இரண்டும் தெரியும்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பட்டறையில் தனி ஆள். கூட நின்று வேலை செய்ய வந்தவர்கள் யாரும் இரண்டு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. ஆட்டோவில் கியர் பாக்ஸும், எஞ்சினின் இழுவையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். டிரைவர்கள் அதைப் பெட்டி என்பார்கள். பெட்டி வேலை மட்டும்தான் அவர் பார்ப்பார். பிரேக், வயரிங் என்று யாராவது வந்தால் ரோட்டின் மறுபக்கத்தைக் கை காட்டுவார்.

வண்டி வந்ததும் ஸ்பானரைத் தொட மாட்டார். கேள்வி கேட்பார்.

"சத்தம் எந்த கியர்ல?"

"எல்லாத்துலயும் கேக்குது பாய்."

"நியூட்ரல்ல?"

"அது... கவனிக்கல."

"கிளச்சை அமுக்கினா நிக்குதா? திருப்பத்துல கூடுதா?"

டிரைவர் தலையைச் சொறிவார்.

"நாள் பூரா அதும் மேல உக்காந்துதான ஓட்டுத? காதைக் கழத்தி வீட்டுல வச்சிட்டா வந்த? போ, ஒரு சுத்து ஓட்டிக் கேட்டுட்டு வா. கேக்காம வந்தேன்னா பெட்டியைக் கழத்தி உன் தலையில வைப்பேன்."

ஓட்டிவிட்டு வந்து சொன்னால், திறக்காமலே சொல்லிவிடுவார். கிளச்சை அமுக்கியதும் சத்தம் நின்றால் முன் பேரிங். திருப்பத்தில் மட்டும் உறுமினால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள். திறந்து பார்த்தால் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். அது சரியாக இருந்ததற்காக இன்னொரு தடவை ஏசுவார்.

இந்த வாயால் அவர் ஒரு வேலையை ஏற்கெனவே இழந்திருந்தார். பதினான்கு வருடம் கத்தாரில், ஒரு கோல்ஃப் மைதானத்தின் பட்டறையில் இருந்தார். ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டிகள் அங்கே முப்பது. அவற்றிலும் பின்னால் ஒரு பெட்டிதான். ஆனால் கியர் கிடையாது, எண்ணெயின் அழுத்தத்தில் சக்கரம் சுற்றும். ஒரு கோடையில் நான்கு வண்டிகள் மேட்டில் ஏறாமல் நின்றுவிட்டன. பெல்ட்டை மாற்றினார்கள், எண்ணெயை மாற்றினார்கள், நகரவில்லை. மேற்பார்வையாளர் நான்கு பெட்டிகளையும் புதிதாக வாங்க எழுதிவிட்டார். தாஜ் முகம்மது வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார். எஞ்சின் ஓடாதபோது வண்டியைக் கையால் தள்ளுவதற்கு வசதியாக, அழுத்தத்தைத் திறந்துவிடும் கம்பி ஒன்று பின்னால் உண்டு. வண்டி கழுவுகிறவர்கள் அதை இழுத்துவிட்டு, முழுதாக உள்ளே தள்ளாமல் விட்டிருந்தார்கள். நான்கு கம்பிகளையும் காலால் தள்ளினார். வண்டிகள் ஏறின.

அத்தோடு விட்டிருக்கலாம். நாற்பது பேர் முன்னால் மேற்பார்வையாளரிடம், "இதுக்கு மூளை வேண்டாம், கண்ணு போதும், உனக்கு ரெண்டும் இல்ல" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். மறுமாதம் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

"நீங்க சொன்னது சரிதானே? பிறகு எதுக்கு அனுப்பினாங்க?" என்று மனைவி சித்தி ஜனாபா கேட்டாள்.

"சரியாச் சொன்னதுக்குத்தான்" என்றார். அதை அவர் மனதார நம்பினார்.

2023 டிசம்பரில் தாமிரபரணி கரை தாண்டி ஊருக்குள் வந்தது. ஆட்டோக்கள் சீட் வரை மூழ்கிக் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் முப்பத்தேழு வண்டிகளை அவர் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெட்டிக்குள் தண்ணீர் போனால் எண்ணெய் பால் கலந்த டீ மாதிரி ஆகிவிடும். பெரும்பாலான வண்டிகளில் அதை வடித்து, உள்ளே கழுவி, புது எண்ணெய் விட்டால் போதுமானதாக இருந்தது. பதினொரு வண்டிகளில் துரு பிடித்துவிட்டது. டிஃபரன்ஷியல் வரை பிரித்துப் பேரிங் மாற்ற வேண்டியதாயிற்று.

அந்தப் பதினொன்றில் ஒன்று அசன் மைதீனுடைய வண்டி. நாற்பத்தைந்து வயதுக்காரர், சந்தை ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அவர் பேச்சைக் கேட்பார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே வண்டியை ஸ்டார்ட் செய்து மேட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்திருந்தார். அதைக் கேட்டதும் தாஜ் முகம்மது அந்த வண்டியில் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"தண்ணிக்குள்ள நிக்குத வண்டியை எவனாவது ஸ்டார்ட் பண்ணுவானா? ஆட்டோ ஓட்டுதியா, தோணி விடுதியா?"

"வீட்டுல தலகாணி, பாய், அரிசி எல்லாம் போயிட்டு. வண்டியாவது மிஞ்சட்டும்னு பாத்தேன். உமக்கு என்ன தெரியும்? உம்ம வீடு மாடியிலல்லா இருக்கு."

"மாடியில இருந்தாலும் மண்டைக்குள்ள தண்ணி ஏறாமப் பாத்துக்கிட்டேன்."

ரோடே வேடிக்கை பார்த்தது. கால் மணி நேரம் கத்தினார்கள். மறுநாள் வண்டியை எடுக்க வந்த அசன் மைதீன், "இனி உம்ம வாசல்ல கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு மாதம் கழித்து, ஆனி மாதத்தில் ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தின காலை. பத்து மணி இருக்கும். வண்ணார்பேட்டையில் குடியிருக்கும் பார்வதியம்மாள், கல்யாண வீடுகளுக்குச் சமைப்பவர், கரண்டிகளும் சல்லடைகளும் கட்டிய சாக்குகளோடு அசன் மைதீன் வண்டியில் ஏறினார். ஐந்நூறு பேருக்கு மறுநாள் விருந்து. ஆற்றுப் பாலத்தைக் கடந்து இறங்கும்போது பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றன. வண்டி பக்கவாட்டில் இழுத்து, ஒரு அரைச் சுற்றுச் சுற்றிக் கவிழ்ந்தது. அசன் மைதீனுக்கு நெற்றியில் ஆறு தையல். பார்வதியம்மாளுக்கு வலது முழங்கை நொறுங்கிப் போயிற்று.

மதியம் இருபது டிரைவர்கள் பட்டறை வாசலில் நின்றார்கள். நெற்றிக் கட்டோடு அசன் மைதீன் முன்னால் நின்றார்.

"வெளிய வாரும்வே!"

தாஜ் முகம்மது வெளியே வந்தார். நடந்ததைக் கேட்டார். கேட்டு முடித்ததும், "எண்ணெய் இல்லாம ஓட்டிருப்ப" என்றார்.

கூட்டம் பாய்ந்தது. யாரோ அவர் சட்டைக் காலரைப் பிடித்தார்கள். அசன் மைதீன்தான் கையை விலக்கிவிட்டார். "அடிக்காதீங்கலே. அடிச்சா இவரு பாவப்பட்ட ஆளாயிருவாரு. பெட்டியைத் திறந்து பாப்போம்."

"கொண்டா. உங்க எல்லாரு முன்னாலயும் திறக்கேன்."

"இங்கன திறக்கப்படாது. நீரு உள்ள கையை வச்சு என்னத்தையாவது ஒளிச்சிருவீரு. பாளையங்கோட்டையில சிவசைலம் திறக்கட்டும்."

சிவசைலம் பெட்டி வேலை செய்யும் இன்னொரு மெக்கானிக். ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. "அவரு மெக்கானிக் இல்ல, சாமான் மாத்துத ஆளு" என்று தாஜ் முகம்மது ஒரு டீக்கடையில் சொன்னது சிவசைலத்தின் காதுக்குப் போயிருந்தது.

"சிவசைலமே திறக்கட்டும்" என்றார் தாஜ் முகம்மது. "அவருக்குத் திறக்கவாவது தெரியும்."

மறுநாள் காலையில் சிவசைலத்தின் பட்டறைக்குள் கால் வைக்க இடமில்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்திருந்தார்கள். சிவசைலம் தாஜ் முகம்மதுவைப் பார்க்காமல், "நான் பாக்கும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்றார்.

"திறக்கதுக்கு முன்னால சக்கரத்தைச் சுத்திப் பாத்தீரா?" என்றார் தாஜ் முகம்மது.

"எனக்குச் சொல்லித் தர வந்தீரோ?"

தாஜ் முகம்மது குனிந்து இடது சக்கரத்தைக் கையால் முன்பக்கம் சுற்றினார். வலது சக்கரம் பின்பக்கம் சுற்றியது. வலதை ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இடதைச் சுற்றினார். அசையவில்லை. கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

"கியர்ல கோளாறு இல்ல. அப்படின்னா நியூட்ரல்ல சுத்திரும். ஆக்சில்லயும் இல்ல. ஆக்சில்னா ஒரு சக்கரந்தான் நிக்கும். உள்ள சின்னப் பல்லும் நல்லாருக்கு, அதுதான் எதிர்ப்பக்கம் சுத்துது." சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். "கிரவுன் மாட்டிக்கிட்டு நிக்குது."

கிரவுன் என்பது டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரம். எஞ்சினின் இழுவை அதன் வழியாகத்தான் இரு சக்கரங்களுக்கும் போகிறது. அது நின்றால் ஓடுகிற வண்டி நின்றுவிடும்.

சிவசைலம் எண்ணெயை வடித்தார். அளவு சரியாக இருந்தது. நிறமும் நன்றாகத்தான் இருந்தது. அடியில் மட்டும் இரும்புத் தூள் மினுங்கியது. "எண்ணெய் இல்லன்னாரே, இது என்னவே?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். சிவசைலம் கூட்டைப் பிரித்தார். உடைந்த பேரிங் துண்டு ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"துரு. வெள்ளத் தண்ணி அரிச்சிருக்கு. இதுக்கு ஒருத்தரும் ஒண்ணும் செய்ய முடியாது. தலையெழுத்து."

தாஜ் முகம்மது துண்டை வாங்கிப் பார்த்தார். துரு இல்லை. உடைந்த இடம் வெள்ளையாக, புதிதாக இருந்தது. வேறு ஏதோ மோதித்தான் அது உடைந்திருந்தது. அவர் கூட்டுக்குள் குனிந்தார். சிவசைலம் அவர் தோளை ஒட்டி நின்று, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: "பேசாம இரும்வே. வெள்ளத்துல நானும் நாப்பது பெட்டி பாத்தேன். துருன்னு முடிச்சா உமக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"உம்ம நல்லது எனக்கு வேண்டாம்."

கிரவுனை அதோடு சேர்ந்து சுற்றும் டிஃபரன்ஷியல் கூண்டோடு பிடிப்பவை எட்டு போல்ட்டுகள். இரண்டு போல்ட்டுக்கு ஒரு தகடு. போல்ட்டை முறுக்கிய பிறகு தகட்டின் காதை உளியால் மடக்கி, போல்ட்டின் தலையோடு ஒட்டிவிட வேண்டும். மடக்கிவிட்டால் போல்ட் தானாகக் கழலாது. மூன்று தகடுகளின் காதுகள் மடங்கியிருந்தன. நான்காவது தகடு தட்டையாக இருந்தது. அதிலிருந்த ஒரு போல்ட் கழன்று வெளியே வந்து, கூட்டின் சுவரில் குத்திக்கொண்டு நின்றது.

தாஜ் முகம்மது நிமிர்ந்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"துரு இல்ல. இந்தத் தகட்டை நான் மடக்கல" என்றார். "இவன் தண்ணிக்குள்ள ஸ்டார்ட் பண்ணினேன்னு சொன்னதும் உளியைக் கீழ போட்டுட்டு ஏச வந்தேன். திரும்பிப் போயி மூடிட்டேன். என் தப்பு."

பிறகு தாஜ் முகம்மது அசன் மைதீன் பக்கம் திரும்பினார். பழக்கதோஷம், குரல் உயர்ந்தது. "ஒரு வாரமாவது சத்தம் வந்திருக்குமே! போல்ட் சுவத்துல தட்டுமே, டக்கு டக்குன்னு. கேக்கலையா?"

"கேட்டுது" என்றார் அசன் மைதீன். "எட்டு நாளா கேட்டுது. வந்தா நாலு பேரு முன்னால ஏசுவீருன்னு வரல."

கூட்டத்திலிருந்து ஒரு கை வந்து தாஜ் முகம்மதுவின் கன்னத்தில் விழுந்தது. இந்தத் தடவை அசன் மைதீன் தடுக்கவில்லை. அன்று சாயங்காலம் தாஜ் முகம்மது போலீஸ் ஸ்டேஷனுக்குத் தானே நடந்துபோய், நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எழுதி வாங்கிய ஏட்டு, "நீங்களா வந்து எதுக்கு மாட்டுதீங்க?" என்றார்.

"நான் என்ன எழுதிருக்கேனோ அதைப் பாரும்" என்று அவரிடமும் எரிந்து விழுந்தார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். பார்வதியம்மாள் கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். அறுபது வயது, கனத்த உடம்பு, அடுப்புச் சூட்டில் கறுத்த முகம்.

"நீருதான் அந்த மெக்கானிக்கா?"

"ஆமா. ஒரு தகட்டை மடக்க மறந்துட்டேன். அதைச் சொல்லத்தான்..."

"மறந்துட்டீரு." அவர் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "நான் ஐந்நூறு பேருக்கு சாம்பார் வைக்கேன். உப்பு மறந்தா இலையை மூடிட்டு எந்திச்சிருவாங்க. அந்தப் பயத்துலயே நாப்பது வருசமா அடுப்புக்கிட்ட நின்னு நான் யார்கிட்டயும் வாய் பேசுனதில்ல. நீரு வேலை நேரத்துல சண்டைக்குப் போயிருக்கீரு."

"போனேன்" என்றார் தாஜ் முகம்மது.

"மறந்தது ஒண்ணுதானா?" என்று கேட்டார் பார்வதியம்மாள்.

"என்ன?"

"அப்ப நீரு எத்தனை வண்டி பாத்தீரு? எத்தனை பேருகிட்ட சண்டை போட்டீரு? மறந்தது எல்லாத்துலயும் ஒண்ணே ஒண்ணுதானா? போயி அதைப் பாரும். இங்கன வந்து என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்காதேயும். போம்!"

வராந்தாவில் நடந்தபடியே தாஜ் முகம்மது வெள்ள நாட்களில் பிரித்த வண்டிகளை விரல்விட்டு எண்ணினார். இந்த மூன்று நாளும் அசன் மைதீன் வண்டியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார். மற்ற பத்தைப் பற்றி நினைக்கவே இல்லை.

வீட்டில் சித்தி ஜனாபா பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வெள்ள நாட்களில் பட்டறைக்குச் சோறு கொண்டுபோனவள் அவள்தான். "டிஃபரன்ஷியல் பிரிச்ச நேரத்துல யார் யார்கிட்ட சண்டை போட்டேன், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யார்கிட்ட போடலன்னு கேளுங்க. அது சீக்கிரம் சொல்லிரலாம்."

பத்து வண்டிகளையும் திறந்து பார்க்க வேண்டும் என்று அவர் ஸ்டாண்டில் போய்ச் சொன்னபோது சிரித்தார்கள். "திறந்து இன்னொரு போல்ட்டைக் கழத்தி விடவா?" என்றார்கள். நான் தொடமாட்டேன், சிவசைலமே திறக்கட்டும் என்றார். சிவசைலத்திடம் போனார்.

"உம்ம அழுக்கை நான் கழுவணுமோ?" என்றார் சிவசைலம். "டீக்கடையில என்னவே சொன்னீரு? சாமான் மாத்துத ஆளு."

"சொன்னேன்."

"இப்ப?"

"இப்பவும் அதான் சொல்லுவேன். ஆனா நீரு தகட்டை மடக்குவீரு."

சிவசைலம் அவரை வெறித்துப் பார்த்தார். "சரி. திறக்கேன். ஆனா என் பட்டறைக்குள்ள நீரு வரப்படாது. கேட்டுக்கு வெளிய நில்லும்."

அசன் மைதீன் ஸ்டாண்டில் நின்று, தன் ஆட்களிடம் ஒரே வார்த்தையில் சொன்னார்: "கொண்டு போய்க் காட்டுங்க. இவருக்காக இல்ல. உள்ள ஏறி உக்காருத சனத்துக்காக." நான்கு நாளில் ஒன்பது வண்டிகள் போயின. தாஜ் முகம்மது கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார். ஒவ்வொரு பெட்டியும் திறந்ததும் சிவசைலம் உள்ளேயிருந்து கத்துவார், "மடக்கிருக்கு!" தங்கள் சவாரியைக் கெடுத்ததற்காக ஒவ்வொரு டிரைவரும் போகும்போது அவரைப் பார்த்துத் துப்பாத குறைதான். ஒன்பதிலும் மடங்கியிருந்தது.

பத்தாவது முகம்மது சுல்தானின் வண்டி. அவர் வேறு ஸ்டாண்டுக்காரர். காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவார். ஒன்பது வண்டியிலும் ஒன்றுமில்லை என்று கேள்விப்பட்டதும் அவர் மறுத்துவிட்டார். "பள்ளிக்கூடம் இப்பத்தான் திறந்திருக்கு. பிள்ளைகளை யாரு கொண்டு விடுவா? ஞாயித்துக்கிழமை பாப்போம்." ஞாயிற்றுக்கிழமை போனால் அடுத்த ஞாயிறு என்றார். மூன்றாம் தடவை போனபோது கதவைச் சாத்திவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. தாஜ் முகம்மது சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். முகம்மது சுல்தானின் ஆட்டோ வரிசையில் வந்து, வேகம் குறைந்து, அவரைத் தாண்டி உருண்டு நின்றது. உள்ளே ஏழு பிள்ளைகள். எஞ்சினை முன்னாலேயே அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வந்ததால் அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது. டக். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியதும் மறுபடி டக்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார்.

"இறங்குலே! பிள்ளைகளை இறக்கு!"

"உமக்குப் பைத்தியமா? காலங்காத்தால வம்புக்கு வாரீரு?"

"போல்ட் தட்டுது. எனக்குக் கேக்குது. வண்டியை எடுக்காத."

"ஒன்பது பேரை ஏமாத்தினது பத்தாதா? வழியை விடும்வே." கேட் உயரத் தொடங்கியது. முகம்மது சுல்தான் ஸ்டார்ட் செய்யக் குனிந்தார். தாஜ் முகம்மது கையை உள்ளே விட்டு, சாவியைப் பிடுங்கி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அடர்ந்து கிடந்த உடைமரக் காட்டுக்குள் வீசி எறிந்தார்.

பின்னால் நின்ற பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்தன. பிள்ளைகள் அழுதார்கள். முகம்மது சுல்தான் இறங்கி அவர் மூக்கில் குத்தினார். தாஜ் முகம்மது சட்டையெல்லாம் ரத்தத்தோடு வண்டியின் முன்சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். ஏசவில்லை. திருப்பி அடிக்கவும் இல்லை. "என்னை எவ்வளவு வேணும்னாலும் அடி. வண்டியைத் திறந்து பாத்துட்டு எடு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் பிள்ளைகளை வேறு இரண்டு ஆட்டோக்களில் ஏற்றி அனுப்பிவிட்டு, அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு சிவசைலத்தின் பட்டறைக்குப் போனார்கள்.

இந்தத் தடவையும் கேட்டுக்கு வெளியேதான் நின்றார். மூக்கில் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் உள்ளேயிருந்து குரல் வரவில்லை. பிறகு சிவசைலமே வெளியே வந்தார்.

"ரெண்டு தகடு" என்றார். "ரெண்டையும் மடக்கல. ஒரு போல்ட் நாலு புரி வெளிய வந்திருக்கு. இன்னும் ரெண்டு நாள் ஓடிருக்காது."

தாஜ் முகம்மது அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்தார்.

முகம்மது சுல்தான் சிவசைலத்தின் பின்னால் வந்து நின்றார். நன்றி என்று அவர் சொல்லவில்லை. "அதுல என் மகளும் இருந்தா" என்றார். "பாலத்துல நடந்த மாதிரி நடந்திருந்தா உம்மைக் கொன்னிருப்பேன்."

"கொன்னிருக்கணும்" என்றார் தாஜ் முகம்மது.

சிவசைலம் தகடுகளை மடக்கி, பெட்டியை மூடிக் கொடுத்தார். அன்றைக்குப் பிறகும் இருவருக்கும் பேச்சு இல்லை. ஆனால் வெள்ளத்தில் தான் பார்த்த நாற்பது பெட்டிகளையும் சிவசைலம் ஒவ்வொன்றாக வரவழைத்துத் திறந்து பார்த்தார் என்று ஊரில் பேச்சு. என்ன கிடைத்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

தாஜ் முகம்மதுவின் பட்டறை இரண்டு மாதம் ஆள் வராமல் கிடந்தது. பிறகு ஒவ்வொரு வண்டியாக வந்தது. அவர் மேல் இருந்த கோபம் தீர்ந்து வரவில்லை. சத்தத்தை வைத்துச் சொல்ல அவரைவிட்டால் ஆள் இல்லை என்பதால் வந்தார்கள். வந்தவர்கள் பக்கத்திலேயே நின்று, பெட்டி மூடும்வரை அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். அது அவருக்கு ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. பொறுத்துக்கொண்டார்.

குணம் மாறிவிட்டதா என்றால், இல்லை. போன மாதம்கூட ஒரு டிரைவர், பெட்டிக்கு எஞ்சின் எண்ணெயை ஊற்றி ஓட்டியதாகச் சொல்லிவிட்டார். தாஜ் முகம்மதுவின் கழுத்து நரம்பு புடைத்தது. கையில் உளி இருந்தது.

"பத்து நிமிசம் அங்கன போயி நில்லு" என்றார். "இதை மூடிட்டு வந்து ஏசுதேன்."

மூடிவிட்டு வந்து ஏசவும் செய்தார்.

அசன் மைதீன் அவர் வாசலில் இன்னும் கால் வைக்கவில்லை. வழக்கு பாளையங்கோட்டைக் கோர்ட்டில் நடக்கிறது. பார்வதியம்மாளின் முழங்கை நீளாமல் மடங்கியபடியே நின்றுவிட்டது. இப்போது நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிளற மூன்று பேரை வைத்து வேலை வாங்குகிறார். சமரசமாகப் போகலாமா என்று வக்கீல் கேட்டபோது, "என் கையை முதல்ல நீட்டித் தரச் சொல்லும்" என்றாராம். தாஜ் முகம்மதுவிடம் அவருடைய வக்கீல், ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததை மறுத்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்றார். அவரை ஏசிவிட்டு வேறு வக்கீலைப் பார்த்தார்.

வாய்தாவுக்கு வாய்தா இருவரும் வருகிறார்கள். கோர்ட் வராந்தாவில் ஒரே பெஞ்சுதான் காலியாக இருக்கும். அதன் ஒரு ஓரத்தில் பார்வதியம்மாள் உட்காருவார். தாஜ் முகம்மது நின்றுகொண்டிருப்பார். போன வாய்தாவில் இரண்டு மணி நேரம் ஆகியும் கூப்பிடவில்லை.

"உக்காரும்வே" என்றார் பார்வதியம்மாள், அவரைப் பார்க்காமலே. "நீரு நின்னா எனக்கு வெளிச்சம் மறைக்குது."

அவர் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். பெயர் கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை.